கணினி பேச மறுத்தால் யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?

பெங்களூரு அல்சூர் ஏரிக்குப் பின்தெருவில் என் பெரியப்பா வீடு. கண் அழுத்த நோயால் ஆறு வருஷத்துக்கு முன் அவருக்குப் பார்வை போனது. அதிலிருந்து செய்தித்தாள், பேத்தி அனுப்பும் மின்னஞ்சல், பென்ஷன் கணக்கு எல்லாமே மடிக்கணினி பேசினால்தான் அவருக்கு உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு போன் வந்தது.

"ஏம்மா, பொட்டி பேசமாட்டேங்குது. நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் பேசிச்சு."

"என்ன பண்ணிட்டிருந்தீங்க பெரியப்பா?"

"ஒண்ணும் பண்ணலம்மா. லெட்டரை சேவ் பண்ணப் போனேன். அப்படியே நின்னுபோச்சு."

விடை அந்த 'சேவ் பண்ணப் போனேன்' என்பதிலேயே இருந்தது. அவர் கணினியில் இருப்பது என்.வி.டி.ஏ. என்ற ஸ்க்ரீன் ரீடர், அதாவது திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள். அதன் கட்டளைகளுக்குக் கேப்ஸ் லாக் விசையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு விசையை அழுத்தும்படி அமைத்திருக்கிறார். கண்ட்ரோலும் எஸ்ஸும் சேர்ந்தால் கோப்பு சேமிக்கப்படும். கேப்ஸ் லாக்கும் எஸ்ஸும் சேர்ந்தால் பேச்சு நிலை மாறும்: பேசுவது, கேட்டால் மட்டும் பேசுவது, பேசாமலிருப்பது, வெறும் பீப் ஒலி என்று ஒவ்வொன்றாகச் சுற்றிவரும். மாறும்போது எந்த நிலை என்று ஒருமுறை சொல்லும்தான். ஆனால் கவனம் கடிதத்தில் இருந்தால் அது காதில் விழாது. விரல் இரண்டு வரிசை மேலே போயிருக்கிறது, அவ்வளவுதான். "கேப்ஸ் லாக்கைப் பிடிச்சுக்கிட்டு எஸ்ஸை ஒரு தடவை அழுத்துங்க. பேசலன்னா இன்னொரு தடவை" என்றேன். மூன்றாவது தடவையில் பெட்டி பேசியது.

ஒரு விசைக்காக ஒரு மனிதர் முந்தின இரவு முழுக்க மௌனமான ஒரு பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் என்னை உறுத்தியது. பார்வை உள்ளவர்களுக்கு மென்பொருளில் ஏதாவது சிக்கல் வந்தால் திரையில் தேடிப் படித்துக்கொள்கிறார்கள். பேச்சை நம்பியிருப்பவருக்கு அந்தப் பேச்சே நின்றுபோனால் உதவி தேடும் வழியும் அதோடு சேர்ந்து அடைபட்டுவிடுகிறது. ஆகவே பேசும் மென்பொருளைப் பொறுத்தவரை உதவி என்பது சிக்கல் வந்த பிறகு தேடிப் போகிற பொருள் அல்ல. கணினி நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும் நாளிலேயே ஏற்பாடு செய்து வைக்கவேண்டியது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும், வீட்டில் அவர்களுக்குத் துணையாக இருப்பவர்களுக்கும் அந்த ஏற்பாட்டைத்தான் இங்கே விளக்குகிறேன்.

எழுதித் தருபவர் ஒருவர், வாசிப்பவர் ஒருவர்

உதவி கேட்பதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கணினியில் பேசுவது ஒரு மென்பொருள் அல்ல, இரண்டு. வானொலியை நினைத்துப் பாருங்கள். செய்தியை எழுதித் தருபவர் ஒருவர், ஒலிவாங்கி முன் உட்கார்ந்து வாசிப்பவர் இன்னொருவர். ஸ்க்ரீன் ரீடர்தான் எழுதித் தருபவர். திரையில் எங்கே இருக்கிறோம், எது பொத்தான், எது இணைப்பு, எந்த வரியைப் படிக்கவேண்டும் என்று முடிவு செய்வது அதன் வேலை. என்.வி.டி.ஏ., ஜாஸ், விண்டோஸோடு வரும் நேரேட்டர், ஆண்ட்ராய்டு போனில் உள்ள டாக்பேக் எல்லாம் இந்த வகை. தமிழாக்கத்தில் இதைத் திரைநவிலி என்கிறார்கள், அழகான சொல்.

வாசிப்பவர் வேறு. எழுத்தை வாங்கி ஒலியாக மாற்றித் தருகிற அந்த மென்பொருளைப் பேச்சொலிப்பான் என்று வைத்துக்கொள்வோம். என்.வி.டி.ஏ.வோடு கூடவே வருவது இஸ்பீக் என்.ஜி. ஜோனதன் டடிங்டன் என்பவர் 1995-இல் தொடங்கிய இஸ்பீக்கின் வழிவந்தது இது. அளவில் மிகச் சிறியது, இலவசம், தமிழும் பேசும். மனிதக் குரலைப் பதிவு செய்து வெட்டி ஒட்டாமல், தொண்டையிலும் வாயிலும் ஒலி அதிரும் விதத்தைக் கணக்குப் போட்டே குரலை உண்டாக்குவதால் அது இயந்திரம் மாதிரிதான் ஒலிக்கும். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் தரும் தமிழ்க் குரலுக்கு வள்ளுவர் என்று பெயர். ஆண்ட்ராய்டில் கூகுளின் குரல் உண்டு. 2016-க்குப் பிறகு வந்த, பதிவு செய்த பேச்சைக் கேட்டுக் கணினியே கற்றுக்கொள்ளும் நரம்பு வலைப்பின்னல் முறைக் குரல்கள் மனிதர் பேசுவதைப் போலவே இருக்கும். இந்திய அறிவியல் கழகத்தில் 2000-களின் தொடக்கத்திலேயே திருக்குறள் என்ற பெயரில் தமிழ்ப் பேச்சொலிப்பான் ஒன்றை உருவாக்கினார்கள் என்பதையும் பெங்களூருத் தமிழர்கள் தெரிந்துவைத்திருக்கலாம். நம் ஊரிலேயே நடந்த வேலை அது.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்த மாதிரி. பொத்தானைப் பொத்தான் என்று சொல்லாமல் விட்டால், ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தால், ஒரு செயலியில் மட்டும் ஊமையாக இருந்தால், கோளாறு பெரும்பாலும் எழுதித் தருபவரிடம். எல்லாவற்றையும் படிக்கிறது, ஆனால் சொற்களைத் தப்பாக உச்சரிக்கிறது என்றால் அது வாசிப்பவரிடம். இரண்டும் சரியாக இருந்து ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் வராமலும் போகலாம், அது மூன்றாவது இடம். இது தெரியாமல் கேட்டால், குரலைப் பற்றிய புகாரை ஸ்க்ரீன் ரீடர்காரர்களிடம் சொல்லி, அவர்கள் "அது எங்கள் வேலை இல்லை" என்று இன்னொரு வாசலைக் காட்டி, அலைச்சல்தான் மிஞ்சும்.

தமிழ் ஏன் இடறுகிறது

பெரியப்பா மாதிரி நம் ஊர்த் தமிழர்கள் என்னிடம் அதிகம் சொல்லும் குறை இதுதான்: "ஊர்ப் பேரெல்லாம் கொல்லுதும்மா." பெங்களூரின் பனசங்கரி ஆங்கில B ஒலியில் தொடங்கவேண்டிய பெயர், ஆனால் முதல் எழுத்தைப் பனைமரத்தின் 'ப' போலவே சொல்கிறது. பசவனகுடியும் அப்படித்தான். கிரிநகரைக் கிண்ணத்தின் 'கி' போட்டுப் படிக்கிறது. தொம்மலூரைத் தொண்டையின் 'தொ' போட்டுப் படிக்கிறது.

இது கோளாறு என்று நினைத்து மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியவர்களைப் பார்த்திருக்கிறேன். மென்பொருள் கெட்டுப்போகவில்லை. தமிழ் இலக்கணத்தை அது ஒழுங்காகப் பின்பற்றுவதால் வரும் விளைவு இது. தமிழில் ஒரே 'க' பல ஒலிகளைத் தாங்குகிறது. கடல் என்னும்போது ஒரு ஒலி, தங்கம் என்னும்போது வேறு, மகன் என்னும்போது இன்னும் மென்மையாக வேறு, பக்கம் என்னும்போது மறுபடி வல்லொலி. சொல்லின் முதலில் வந்தாலும் இரட்டித்தாலும் வல்லோசை, மெல்லினத்துக்குப் பின்னால் வந்தால் அதிர்வோசை, இரண்டு உயிருக்கு நடுவில் வந்தால் இளகிய ஓசை. தமிழ் பேசி வளர்ந்தவர்கள் யோசிக்காமல் செய்கிற இதை மென்பொருளுக்கு விதியாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தமிழ்ச் சொற்களுக்கு அந்த விதி நன்றாகவே ஓடுகிறது. கன்னட ஊர்ப் பெயரும் வடமொழிப் பெயரும் ஆங்கிலச் சொல்லும் தமிழ் எழுத்தில் வரும்போது அந்த விதிக்கு அடங்குவதில்லை. 'பஸ்' என்று படிக்கிற நமக்கு அது எந்த 'ப' என்று தெரியும். மென்பொருளுக்கு யாராவது சொல்லித்தந்தால்தான் தெரியும்.

சொல்லித்தருவதற்கு வழி இருக்கிறது, அது நம் கையிலேயே இருக்கிறது. என்.வி.டி.ஏ. பட்டியலில் ப்ரிஃபரென்ஸஸ் பகுதிக்குள் ஸ்பீச் டிக்‌ஷனரீஸ் என்று ஒன்று உண்டு. எந்தச் சொல் வந்தால் எதைப் படிக்கவேண்டும் என்று அதில் எழுதிவைக்கலாம். தமிழ் எழுத்தில் பனசங்கரியின் முதல் ஒலியை எழுதிக்காட்ட வழியில்லையே என்று யோசிப்பீர்கள். பல தமிழ்க் குரல்கள் ஆங்கில எழுத்தில் உள்ள சொல்லை ஆங்கில முறைப்படி படிப்பதால், மாற்றுச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்துப் பாருங்கள். பெரியப்பாவின் அகராதியில் இப்போது நாற்பதுக்கு மேல் ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன. பஸ் விவரம் கேட்கும்போது பெயர் சரியாகக் காதில் விழுவது அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று அந்தப் பட்டியலை நிரப்பிய நாளில்தான் எனக்குப் புரிந்தது.

தமிழ்ச் சொல்லையே தப்பாகச் சொன்னால் கதை வேறு. அது விதியில் உள்ள பிழை. இஸ்பீக் திறந்த மூல மென்பொருள், அதன் உள்ளே எழுதியிருப்பதை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். தமிழுக்கென்று விதிகள் எழுதிய கோப்பு ஒன்றும், விதிக்கு அடங்காத சொற்களின் பட்டியல் ஒன்றும் அதில் உண்டு. இந்தச் சொல்லை இப்படிப் படிக்கிறது, இப்படிப் படிக்கவேண்டும் என்று நான்கைந்து எடுத்துக்காட்டுகளோடு அதன் உருவாக்குநர்களுக்குத் தெரிவித்தால் திருத்த வாய்ப்பு உண்டு. அவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த நாம் சொன்னால்தான் உண்டு.

இன்னும் ஒரு தொல்லை, இதைவிடக் குழப்பமானது. பழைய கோப்பைத் திறந்தால் குரல் தமிழே பேசாமல் "ஜே கே பி ஓ" என்று உளறும். கண் தெரிந்தவர் எட்டிப் பார்த்தால் திரையில் 'தமிழ்' என்று அழகாகத் தெரியும். காரணம் பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்கள். அவை ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தை மாட்டிவிட்டவை. உள்ளே ஜே என்ற எழுத்துதான் இருக்கும், வெளியே 'த' என்று தெரியும். கண் வெளியே உள்ளதைப் பார்க்கிறது, பேச்சொலிப்பான் உள்ளே உள்ளதைப் படிக்கிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொது முறையான யூனிகோடில் தமிழுக்கு 1991-இலேயே இடம் கிடைத்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. ஆனாலும் கல்யாணப் பத்திரிகை, சங்கத்து மலர், பழைய கதைக் கோப்பு என்று பாமினி இன்னும் உலவுகிறது. இதற்கு எந்தக் குரலை மாற்றினாலும் பயனில்லை. கோப்பைத்தான் யூனிகோடுக்கு மாற்றவேண்டும். அதற்கான எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. உதவி கேட்கும்போது "தமிழ் படிக்கவில்லை" என்று சொல்லாமல் "ஆங்கில எழுத்தாகப் படிக்கிறது" என்று சொன்னால், விஷயம் தெரிந்தவர் அந்த ஒரு வரியிலேயே பிடித்துவிடுவார்.

ஸ்கேன் செய்த பி.டி.எஃப். என்றால் உள்ளே எழுத்தே இருக்காது, படம்தான். அப்போது குரல் பேசாமலிருப்பது அதன் குற்றமில்லை. எழுத்துணரி மூலம் படத்திலிருந்து எழுத்தை எடுக்கவேண்டும். அதேபோல, அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் கன்னடத்தில் தண்ணீர் லாரி நேரம் வந்தால், தமிழ் மட்டும் தெரிந்த குரல் சில சமயம் அதைச் சொல்லாமலே தாண்டிவிடும். செய்தி வந்ததே தெரியாமல் போகிற ஆபத்து இதில் இருக்கிறது. பெங்களூரில் இருப்பவர்கள் கன்னடக் குரலையும் போனில் இறக்கிவைத்துக்கொள்வது நல்லது.

முதல் உதவி உள்ளேயே இருக்கிறது

புதிதாகத் தொடங்குபவர்கள் விசைகளைத் தொடவே பயப்படுகிறார்கள். எதை அழுத்தினால் என்ன ஆகுமோ என்ற பயம். அதற்கென்றே ஒரு வசதி உண்டு. என்.வி.டி.ஏ. விசையோடு (கட்டளைக்காகப் பிடித்துக்கொள்ளும் விசை, பெரியப்பா கணினியில் கேப்ஸ் லாக்) 1-ஐ அழுத்தினால் உள்ளீட்டு உதவி நிலை தொடங்கும். அதன்பிறகு எந்த விசையை அழுத்தினாலும் அது வேலை செய்யாது, தான் என்ன விசை, எதற்குப் பயன்படும் என்று மட்டும் சொல்லும். மறுபடி என்.வி.டி.ஏ. விசையோடு 1 அழுத்தினால் பழைய நிலைக்கு வரும். பெரியப்பாவை இந்த நிலையில் உட்காரவைத்து அரைமணி நேரம் கண்டபடி அழுத்தச் சொன்னேன். அந்த அரைமணியில் போன பயம் திரும்ப வரவில்லை. நேரேட்டரிலும் கேப்ஸ் லாக்கும் 1-ம் இதே வேலையைச் செய்யும். டாக்பேக்கின் அமைப்புகளில் விரல் அசைவுகளைப் பழகிப் பார்க்கும் இடம் உண்டு.

என்.வி.டி.ஏ. விசையோடு என் என்ற எழுத்தை அழுத்தினால் வரும் பட்டியலில் ஹெல்ப் பகுதி இருக்கிறது. பயனர் கையேடு அங்கேதான். நீளமானது, ஆனால் பொறுமையாக எழுதப்பட்டது. முழுக்கப் படிக்கத் தேவையில்லை, வேண்டிய சொல்லைத் தேடிப் போனால் போதும். என்.வி.டி.ஏ.வின் பட்டியல்களும் செய்திகளும் தமிழில் கிடைக்கின்றன. தன்னார்வலர்கள் செய்த மொழிபெயர்ப்பு அது.

இரண்டாவது குரல்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன். கணினியில் ஒரு குரல் நின்றால் இன்னொன்று பேச வேண்டும். விண்டோஸ் 10, 11 எதுவானாலும் கண்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நேரேட்டர் பேசத் தொடங்கும். தமிழ்க் குரல் அமைத்திராவிட்டால் ஆங்கிலத்தில் பேசும். பரவாயில்லை, பெட்டி உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதே மூன்றையும் மறுபடி அழுத்தினால் நின்றுவிடும். என்.வி.டி.ஏ.வே நின்றுபோயிருந்தால் கண்ட்ரோல், ஆல்ட், என் மூன்றும் சேர்ந்து அதை மறுபடி எழுப்பும்.

புதிதாக ஒரு குரலை நிறுவி அது சரிப்படாமல் ஊமையாகிவிட்டதா? என்.வி.டி.ஏ. விசை, கண்ட்ரோல், எஸ் மூன்றையும் அழுத்துங்கள். பேச்சொலிப்பானைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி திறக்கும். சத்தம் வராவிட்டாலும் திறந்திருக்கும். ஆங்கில ஈ எழுத்தைத் தட்டி என்டர் அடித்தால் இஸ்பீக்குக்குப் போய்விடும். குரல் இனிமையாக இல்லை என்று இஸ்பீக்கைக் கைவிட்டவர்களும் அதன் துணையை மதிக்கவேண்டிய இடம் இது. இணையம் இல்லாவிட்டாலும் பேசும்.

போனில் டாக்பேக்கை வால்யூம் விசைகள் இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி பிடித்தால் எழுப்பும்படி அமைத்துவைக்கலாம். சில போன்களில் புதுப்பிப்புக்குப் பிறகு தமிழ்க் குரலின் தரவு போய்விட்டு ஆங்கிலம் பேசத் தொடங்கும். அமைப்புகளில் உரையைப் பேச்சாக்கும் பகுதிக்குப் போய்த் தமிழ்க் குரலை மறுபடி இறக்கவேண்டும்.

இந்த விசைகளையெல்லாம் தாளில் எழுதிவைத்து என்ன பயன்? பெரியப்பாவுக்கு நான் என் குரலிலேயே பதிவு செய்து அவர் போனில் போட்டுக் கொடுத்தேன். கணினி ஊமையானால் போன், போன் ஊமையானால் கணினி. இரண்டும் ஒரே நாளில் ஊமையானால் பக்கத்து வீட்டு அக்கா இருக்கிறார்.

மனிதரிடம் கேட்கும்போது

உள்ளே தேடியும் கிடைக்காவிட்டால் மனிதரிடம்தான் போகவேண்டும். கோரமங்கலாவில் உள்ள இனேபிள் இந்தியா, எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் உள்ள மித்ர ஜோதி போன்ற அமைப்புகள் பார்வையற்றவர்களுக்குக் கணினிப் பயிற்சி தருகின்றன. பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து விசைப்பலகையில் வைத்துச் சொல்லித்தரும் பயிற்சிக்கு எந்தக் கையேடும் ஈடாகாது. முதல் சில வாரங்களை ஒரு பயிற்றுநரோடு கழித்தவர்கள் பின்னால் தாங்களாகவே தேடிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

திரையில் என்ன இருக்கிறது என்று ஒருவர் பார்த்துச் சொன்னால் போதும் என்ற நிலை வந்தால் பி மை ஐஸ் செயலி கைகொடுக்கும். டென்மார்க்கில் 2015-இல் தொடங்கியது. போன் கேமராவைக் கணினித் திரைக்கு நேராகக் காட்டினால் எங்கோ இருக்கும் தன்னார்வலர் ஒருவர் படித்துச் சொல்வார். எந்த மொழி வேண்டும் என்று முன்பே குறித்துவைக்கலாம். முன்பின் தெரியாதவர் என்பதால் வங்கி விவரம், கடவுச்சொல் இருக்கும் திரையை மட்டும் காட்டக்கூடாது.

எழுதிக் கேட்பதானால் எப்படிக் கேட்கிறோம் என்பது பெரிய விஷயம். "என்.வி.டி.ஏ. வேலை செய்யவில்லை, அவசரம், யாராவது உதவுங்கள்" என்று எழுதினால் உதவ நினைப்பவர் முதலில் பத்துக் கேள்வி கேட்கவேண்டும். அதற்குள் இரண்டு நாள் போய்விடும். இதைப் பாருங்கள்:

"விண்டோஸ் 11. என்.வி.டி.ஏ. 2025.1. குரல் இஸ்பீக், தமிழ். வேர்டில் தட்டச்சு செய்யும்போது ஒவ்வொரு எழுத்தையும் சொல்கிறது, சொல் முடிந்ததும் முழுச் சொல்லைச் சொல்வதில்லை. நேற்று வரை சொன்னது. நோட்பேடிலும் இதே கதை. மறுபடி தொடங்கிப் பார்த்தேன், மாறவில்லை."

ஆறேழு வரிதான். ஆனால் எந்தக் கணினி, எந்தப் பதிப்பு, எந்தக் குரல், என்ன செய்தபோது, என்ன எதிர்பார்த்து என்ன நடந்தது, எப்போதிலிருந்து, வேறு செயலியிலும் உண்டா, நாமே என்ன செய்து பார்த்தோம் என்று எல்லாம் இருக்கிறது. இதற்கு ஒரே வரியில் பதில் வரும்: "என்.வி.டி.ஏ. விசையோடு 3 அழுத்துங்கள்." தட்டச்சு செய்த சொல்லைச் சொல்வதா வேண்டாமா என்பதை மாற்றும் விசை அது. 1-ஐ அழுத்தப் போய்க் கை தவறி 3-இல் பட்டிருக்கும். பதிப்பு எண் ஹெல்ப் பகுதியில் அபௌட் என்ற இடத்தில் கிடைக்கும். ஆங்கிலம் வராதே என்று தயங்கிக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். எல்லாம் தெரிந்த மாதிரி எழுதவும் வேண்டாம். காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதினால் அதுதான் நல்ல விவரம்.

சில சமயம் "லாக் அனுப்புங்கள்" என்பார்கள். மென்பொருள் தான் செய்ததையெல்லாம் எழுதிவைக்கும் குறிப்பு அது. என்.வி.டி.ஏ. விசையும் எஃப் 1-ம் அழுத்தினால் திறக்கும். விரிவாகப் பதியும்படி அமைத்திருந்தால் நாம் தட்டிய விசைகளும் அது பேசிய வரிகளும்கூட அதில் இருக்கும். ஆகவே அனுப்புவதற்கு முன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கடவுச்சொல், வங்கி எண் எதுவும் இருந்தால் அழித்துவிட்டு அனுப்புங்கள்.

தூரத்திலிருந்தே நம் கணினியை இயக்கிச் சரிசெய்யும் வழியும் உண்டு. சாதாரணத் தொலை இயக்கு மென்பொருளில் உதவுபவர் திரையைத்தான் பார்ப்பார். 2025.1 பதிப்பிலிருந்து என்.வி.டி.ஏ.விலேயே தொலை அணுகல் வசதி வந்துவிட்டது. இதில் உதவுபவரின் கணினியிலும் என்.வி.டி.ஏ. இருந்தால், நம் கணினி பேசுவது அவர் காதில் விழும். அதனால் பார்வையற்ற ஒருவரே இன்னொரு பார்வையற்றவருக்கு இருந்த இடத்திலிருந்து உதவ முடிகிறது. எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய உதவி இந்தத் துறையில் அண்மையில் வரவில்லை.

ஆனால் கணினியை ஒருவர் கையில் கொடுக்கிறோம் என்பது நினைவிருக்கட்டும். நேரில் தெரிந்தவருக்கு மட்டும்தான் கொடுக்கவேண்டும். தேடுபொறியில் வாடிக்கையாளர் சேவை எண் என்று கிடைப்பதை நம்பி அழைத்துப் பணத்தை இழந்தவர்கள் நிறையப் பேர். பெரியப்பாவோடு தினமும் ஏரியைச் சுற்றி நடக்கிற ஒருவர் அப்படி ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை இழந்தார். குரல் சரியாகவில்லை என்று அழைத்தவரிடம் ஏதோ ஒரு செயலியை இறக்கச் சொல்லி, உள்ளே நுழைந்து, வங்கிக் கணக்கைத் திறக்கவைத்துவிட்டார்கள். திரை தெரியாதவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வழியில்லை. குரலைச் சரிசெய்ய யாருக்கும் ஓ.டி.பி. தேவையில்லை. கேட்டால் உடனே போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள், நாடு முழுவதும் இணைய நிதி மோசடிக்கான உதவி எண் அதுதான்.

சென்ற மாதம் பெரியப்பாவிடமிருந்து மறுபடி போன்.

"ஏம்மா, பேச்சு நின்னுபோச்சு. எஸ் அழுத்திப் பார்த்தேன், மூணு தடவை. நேரேட்டரும் போட்டேன், அதுவும் வரல. அப்புறம் ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தேன், அதுவும் கேக்கல. அப்ப குரல் போகலம்மா, சத்தந்தான் எங்கேயோ போயிருக்கு."

"காதுல மாட்டுற ப்ளூடூத்தை எங்க வெச்சீங்க பெரியப்பா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அறைக்குள் நடக்கிற காலடி கேட்டது. கதவு திறந்தது.

"இங்க தலகாணிக்கு அடியில பாடிக்கிட்டிருக்கும்மா."